ஊட்டி ஏற டர்போவா, டர்போ இல்லாததா? சொகுசு எஸ்யூவி வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் வீடு. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நடுவே இருபது வருடத்துக்கு மேலாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன், சொந்த வண்டியிலும் மற்றவர்கள் வண்டியிலும். சொந்தக்காரர்களோ, எஸ்டேட் நண்பர்களோ, பக்கத்து வீட்டாரோ பெரிய வண்டி வாங்கப் போகும்போது "அண்ணா, டர்போ எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். சமவெளியில் இருப்பவர்களுக்கான பதில் எங்கேயும் கிடைக்கும். மலையில் ஓட்டுகிறவர்களுக்கான பதில் வேறு. அதைத்தான் கேள்வி கேள்வியாக எழுதியிருக்கிறேன்.

டர்போ இன்ஜினுக்கும் என்.ஏ. இன்ஜினுக்கும் என்ன வித்தியாசம்?

நேச்சுரலி ஆஸ்பிரேட்டட் என்பதைச் சுருக்கி என்.ஏ. என்கிறார்கள். பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தானாக சிலிண்டருக்குள் வருகிறது. வெளியே எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ, அதற்குத் தகுந்த காற்றுதான் உள்ளே போகும்.

டர்போவில் புகைக்குழாயில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். வெளியேறும் சூடான புகை அதைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். அமுக்கிய காற்று சூடாகிவிடும் என்பதால் இன்டர்கூலரில் குளிரவைத்து அனுப்புவார்கள். அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், ஆயில் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மலை ஏறினால் இன்ஜின் சோர்ந்துபோகிறது என்கிறார்களே, உண்மையா? எவ்வளவு குறையும்?

உண்மைதான். கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே அது சுமார் 1.02 கிலோ. ஊட்டியின் 2,240 மீட்டரில் சுமார் 0.98. தொட்டபெட்டா உச்சியான 2,637 மீட்டரில் இன்னும் குறைந்து 0.94 பக்கம் வந்துவிடும். காற்று குறைந்தால் ஆக்சிஜன் குறையும், அதற்கேற்ப எரிக்க முடிந்த பெட்ரோலும் குறையும். அதனால் என்.ஏ. இன்ஜின் ஊட்டியில் தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துதான் ஓடுகிறது. ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் என்று மனக்கணக்கு போட்டுக்கொண்டால் பெரிய தவறு வராது.

உதாரணத்துக்கு ஃபார்ச்சூனர் 2.7 லிட்டர் பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். அது டர்போ இல்லாத இன்ஜின். காகிதத்தில் 166 குதிரைத்திறன், 245 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைத் திருகும் விசை. ஊட்டி சாரிங் கிராஸில் நிற்கும்போது அது 130 சொச்சம் குதிரைத்திறன் வண்டி. எடை மட்டும் அப்படியே இருக்கிறது. கோவையில் நன்றாக இழுத்த வண்டி லவ்டேல் ஏற்றத்தில் ஏன் முக்குகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை.

டர்போவுக்கு அந்தக் குறை கிடையாதா?

மிகவும் குறைவு. மெல்லிய காற்றைச் சமாளிக்கும் வேலையை டர்போ நூறு வருடத்துக்கு முன்பே ஒரு மலை மேல் செய்துகாட்டிவிட்டது. டர்போவுக்கு 1905-ல் காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிஸ் பொறியாளர். 1918-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி என்ற விமான இன்ஜினை கொலராடோவின் பைக்ஸ் பீக் சிகரத்துக்குக் கொண்டுபோய், 4,300 மீட்டர் உயரத்தில் வைத்துச் சோதித்தார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின் அங்கே 230-க்கு இறங்கிவிட்டது. டர்போ பூட்டியதும் 356 வந்தது. விமானம் உயரத்தில் பறக்கும்போது மூச்சு வாங்கக் கூடாது என்பதற்காகச் செய்த சோதனை அது. அதன் பலனை இன்று நாம் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி அனுபவிக்கிறோம்.

கணக்கு இப்படி. சமவெளியில் வெளிக்காற்றின் அழுத்தம் 1 பார். டர்போ அதை 2 பார் ஆக்க வேண்டுமென்றால் இரண்டு மடங்கு அமுக்கினால் போதும். ஊட்டியில் வெளியே இருப்பது 0.77 பார். அதே 2 பார் வேண்டுமென்றால் 2.6 மடங்கு அமுக்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டர் டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றி அதைக் கொண்டுவந்துவிடும். சக்கரம் தாங்கும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதனால் முழு ஆக்சிலேட்டரில் கடைசிச் சில குதிரைத்திறன் குறையலாம். நாம் தினமும் பயன்படுத்தும் நடுத்தர வேகத்தில் அது தெரியவே தெரியாது.

அப்படியானால் என்.ஏ. சொகுசு வண்டி ஊட்டி ஏறத் திணறுமா?

திணறாது. ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய எஸ்யூவியின் எடை 2,500 கிலோ என்று வைப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு அதை 1,900 மீட்டர் தூக்க வேண்டும். அதற்கு ஆகும் ஆற்றல் சுமார் 46 மெகாஜூல். வீட்டு மின்சாரக் கணக்கில் 13 யூனிட். குன்னூர் வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தை 100 நிமிடத்தில் ஏறினால், தூக்குவதற்கு மட்டும் சராசரியாக 10 குதிரைத்திறன் போதும். டயர் உராய்வு, காற்றுத்தடை, ஏசி எல்லாம் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அப்புறம் எதற்கு 300, 400 குதிரைத்திறன்? மலைப்பாதையில் பலம் சில நொடிகளுக்குத்தான் தேவைப்படும். வளைவு முடிந்ததும் எழுந்து நிற்க, லாரியைத் தாண்ட, மேட்டில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப. ஆகவே மொத்தக் குதிரைத்திறனைப் பார்த்து வண்டி வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். காட்டுக் கொய்யா விற்கும் அம்மா பக்கத்தில் நின்றுவிட்டு மறுபடி கிளம்பும்போது, 1,500 ஆர்.பி.எம்.மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போது, வண்டி என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். விளம்பரத் தாளில் அச்சடிக்கும் எண் 5,500, 6,000 ஆர்.பி.எம்.மில் வருவது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை அந்தச் சுற்றுக்கு நீங்கள் போகவே மாட்டீர்கள்.

ஒரே வண்டி இரண்டு விதமாகவும் வந்திருக்கிறதா? ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா?

வந்திருக்கிறது. எனக்குப் பிடித்த உதாரணம் போர்ஷே கயென் ஜி.டி.எஸ். இரண்டாம் தலைமுறையில் முதலில் வந்தது 4.8 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்), டர்போ இல்லாதது. 420 குதிரைத்திறன் 6,500 ஆர்.பி.எம்.மில், 515 நியூட்டன் மீட்டர் 3,500-ல். பிறகு அதே உடம்பில் 3.6 லிட்டர் வி6, இரட்டை டர்போ. 440 குதிரைத்திறன், 600 நியூட்டன் மீட்டர். அந்த 600-ம் 1,600 ஆர்.பி.எம்.மிலேயே தொடங்கி 5,000 வரை அப்படியே நிற்கும்.

குதிரைத்திறனில் வெறும் 20 தான் கூடியிருக்கிறது. மலையில் ஓட்டும்போதோ இரண்டும் வேறு வேறு வண்டிகள். வி8-ஐ ஊட்டியில் முழுமையாக இழுக்கவைக்க 3,500-க்கு மேல் சுற்றவைக்க வேண்டும், அப்போதும் ஐந்தில் ஒரு பங்கு காற்றோடு போயிருக்கும். வி6 டர்போவை லேசாக அமுக்கினாலே எழுந்துவிடும். ஆனாலும் அந்த வி8 எழுப்பும் சத்தம் இருக்கிறதே, காட்டேரிப் பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது உடம்பு சிலிர்க்கும். அதற்காகவே வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

லெக்சஸ் எல்.எக்ஸ். 570-ம் இப்படித்தான். 5.7 லிட்டர் என்.ஏ. வி8, 383 குதிரைத்திறன், 546 நியூட்டன் மீட்டர். அடுத்து வந்த எல்.எக்ஸ். 600-ல் இரட்டை டர்போ வி6, 409 குதிரைத்திறன், 650 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,000 ஆர்.பி.எம்.மிலிருந்து. 570-ஐ ஊட்டிக்கு ஏற்றினால் கையில் மிஞ்சுவது 300 சொச்சம்.

கொண்டை ஊசி வளைவில் டர்போ வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பாய்கிறது. அது ஆபத்தா?

இந்தக் கேள்வியை நான் எப்போதும் விரிவாகப் பேசுவேன். சமவெளி ஆட்களுக்கு இது ஒரு சின்ன அசௌகரியம். நமக்கு இதுவே முக்கியம்.

மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36. ஒவ்வொன்றிலும் நடப்பது ஒன்றுதான். காலை எடுக்கிறீர்கள், வேகம் பதினைந்துக்கு இறங்குகிறது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கிறீர்கள். இன்ஜின் 1,200, 1,300-க்கு வந்துவிட்டது. புகை குறைந்ததால் டர்போ சக்கரமும் மெதுவாகிவிட்டது. வளைவின் நடுவில், மேடு மிகச் செங்குத்தாக இருக்கும் உள்பக்கத்தில், ஆக்சிலேட்டரை அமுக்குகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அமுக்குகிறீர்கள். புகை சேர்ந்து சக்கரம் வேகம் பிடித்ததும் மொத்த டார்க்கும் ஒரே மூச்சில் வருகிறது. எதிரே அரசுப் பேருந்து இறங்கிக்கொண்டிருந்தால் அந்தத் தயக்கமும் பயம்தான், அந்தப் பாய்ச்சலும் பயம்தான்.

உயரம் கூடக் கூட இந்தத் தயக்கமும் கூடும். டர்போ விழித்தெழும் வரை அந்த வண்டியும் ஒரு சின்ன என்.ஏ. வண்டியேதான். 2.0 லிட்டர் இன்ஜின், இரண்டு டன் எடை, மெல்லிய காற்று. 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் என்றால் டர்போ தூங்கும்போதும் கொஞ்சம் கைவசம் இருக்கும். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 40ஐ போன்ற வண்டி மலையில் இவ்வளவு சுகமாக இருப்பதற்கு 381 குதிரைத்திறனைவிட அந்த 3.0 லிட்டர் கொள்ளளவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

என்.ஏ.வில் இந்தத் தயக்கம் இல்லை. எவ்வளவு அமுக்கினோமோ அவ்வளவு, அமுக்கிய கணத்திலேயே. பலம் குறைவுதான், ஆனால் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பொய் இல்லை. புதிதாக மலையில் ஓட்டக் கற்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

டர்போ வண்டிக்காரர்களுக்கு மூன்று விஷயம் சொல்வேன். வளைவுக்குள் நுழையும் முன்பே ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலை வைத்து கியரைக் குறைத்துவிடுங்கள், இன்ஜின் 2,000-க்குக் கீழே போகக் கூடாது. வளைவின் நடுவில் காத்திருக்காமல் கொஞ்சம் முன்னாலேயே மெல்ல அமுக்கத் தொடங்குங்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் ஈகோ மோடை மேட்டுப்பாளையத்திலேயே அணைத்துவிடுங்கள், அது கியரைத் தேவையில்லாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்றும் உண்டு. குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது நம் சாலை விதி. ஏறுகிறவர் நின்றால் மறுபடி கிளம்புவது கஷ்டம் என்பதால்தான் அந்த விதி. எதிரே ஏறி வருவது டர்போவோ டிராக்டரோ, இறங்கும்போது நின்று வழிவிடுங்கள்.

48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட் இருந்தால் அந்தத் தயக்கம் போய்விடுமா?

பெருமளவு போய்விடும். மெர்சிடிஸ் ஜி.எல்.சி. 300-ல் 2.0 லிட்டர் டர்போவோடு ஒரு சின்ன மோட்டார் சேர்ந்திருக்கிறது. அது தருவது 23 குதிரைத்திறன்தான். ஆனால் 200 நியூட்டன் மீட்டரை உடனே தரும், டர்போ எழும் வரை கை கொடுக்கும். நான்கு சிலிண்டர் டர்போ எடுப்பதாக இருந்தால் இந்த வசதி உள்ளதையே எடுங்கள். தொடர்ந்து ஏறும்போது அதன் சின்ன பேட்டரி களைத்துப்போகும் நேரங்களும் உண்டு.

இறங்கும்போது எது பாதுகாப்பு?

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். இந்த மலையில் அதிக ஆபத்து இறங்கும்போதுதான். ஏறும்போது வண்டிக்குக் கொடுத்த 13 யூனிட் ஆற்றலும் இறங்கும்போது எங்கேயாவது போக வேண்டும். பிரேக் மட்டுமே அதைத் தாங்கினால் டிஸ்க் பழுக்கும், பேடு தீயும், பிரேக் ஆயில் கொதிக்கும், கடைசியில் மிதித்தால் பிடிக்காது. சீசனில் கல்லாறு பக்கம் சக்கரத்திலிருந்து புகை வர நிற்கும் வெளியூர் வண்டிகளை எத்தனையோ முறை பார்த்து, இறங்கித் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று தடுத்திருக்கிறேன். சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் அது விரிசல் விடும்.

எனக்கு மலையில் ஓட்டக் கற்றுக்கொடுத்த பழைய டிரைவர் ஒருவர் சொன்னது: "தம்பி, ஏறுற கியர்லயே எறங்கு." வண்டி எவ்வளவு நவீனமானாலும் அது மாறவில்லை.

இன்ஜின் பிரேக்கிங்கில் பெரிய என்.ஏ. பெட்ரோல் இன்ஜின் நன்றாகப் பிடிக்கும். காலை எடுத்ததும் காற்றுவழி மூடிக்கொள்ள, பெரிய சிலிண்டர்கள் வெற்றிடத்தை இழுத்துப் போராடும், வண்டி அடங்கும். 2.0 லிட்டர் டர்போவில் சிலிண்டர் சின்னது. அதே எடையை அது அவ்வளவு பிடிக்காது, அதனால் இன்னும் ஒரு கியர் கீழே போக வேண்டும். டீசலில் பெட்ரோலைப் போலக் காற்றுவழியை மூடிப் பிடிக்கும் வேலை நடப்பதில்லை, அங்கேயும் குறைந்த கியர்தான் காப்பாற்றும். ஆட்டோமேட்டிக் என்றால் டி-யில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டிலோ மூன்றிலோ வைத்திருங்கள். சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், இன்ஜினுக்கு எதுவும் ஆகாது. அந்த நேரத்தில் ஒரு சொட்டு பெட்ரோலும் செலவாகாது, கம்ப்யூட்டர் எரிபொருளை முழுக்க நிறுத்திவிடும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் மிச்சம் பிடிப்பது ஒன்றுமில்லை.

கல்லட்டி வழியில் வெளி மாவட்ட வண்டிகளை இறங்க விடுவதில்லை. விலை உயர்ந்த வண்டி என்பதற்காக யாரிடமும் சலுகை கேட்காதீர்கள். இரண்டரை டன் வண்டிக்கு அந்த விதி இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

டீசல் டர்போதான் மலைக்கு ராஜா என்கிறார்களே?

ஏறுவதற்கு ஆமாம். லேண்ட் குரூசர் 300-ன் 3.3 லிட்டர் டீசல் 700 நியூட்டன் மீட்டர் தருகிறது, எக்ஸ்5 30டி 650 தருகிறது. பர்லியாறில் கியர் மாறுவதே தெரியாமல் ஏறிவிடும்.

ஆனால் நீங்கள் மலை மேலேயே குடியிருந்து, ஊருக்குள் மட்டும் ஓட்டினால் கதை வேறு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு டீசல் வண்டிகளில் டி.பி.எஃப். என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது அதிகச் சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி நன்றாகச் சூடாகி, பதினைந்து இருபது நிமிடம் ஒரே சீராக ஓட வேண்டும். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து வீடு என்று இரண்டிரண்டு கிலோமீட்டராக, எட்டு டிகிரி குளிரில் ஓட்டினால் அது நடக்கவே நடக்காது. பாதியில் அணைக்கிறோம், கரி சேர்கிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது, பிறகு வண்டி லிம்ப் மோடுக்குப் போய் இழுக்க மறுக்கிறது.

இது எங்கள் வீட்டு டீசல் எஸ்யூவிக்கே நடந்தது. விற்றவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மலைக்கு டீசல்தான் சார்" என்று மட்டும் சொன்னார்கள். விளக்கு எரிந்த பிறகு வண்டியைக் கோவைக்கு ஏற்றிக்கொண்டு போய், இரண்டு நாள் விட்டு, பணமும் கட்டிய பிறகுதான் புரிந்தது. இப்போது மாதம் இரண்டு தடவையாவது மேட்டுப்பாளையம் இறங்கி, கோவைச் சாலையில் ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறோம். உங்களால் அது முடியாது என்றால் டீசல் வேண்டாம்.

டர்போ இல்லாத சொகுசு எஸ்யூவி இப்போது புதிதாகக் கிடைக்கிறதா?

பெரிய என்.ஏ. வி6, வி8 எல்லாம் ஏறக்குறைய முடிந்த கதை. புகை விதிகளும் எரிபொருள் சிக்கன விதிகளும் இறுக இறுக, சின்ன இன்ஜினில் டர்போ வைப்பதே நிறுவனங்களுக்கு வழியாகிவிட்டது. வால்வோ எக்ஸ்.சி.90 அவ்வளவு பெரிய வண்டி, 2015 முதல் அதில் நான்கு சிலிண்டர் 2.0 லிட்டர்தான்.

என்.ஏ. இன்று உயிரோடு இருப்பது ஹைப்ரிட்டில். லெக்சஸ் என்.எக்ஸ். 350எச், ஆர்.எக்ஸ். 350எச் இரண்டிலும் 2.5 லிட்டர் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டார்களும் இருக்கின்றன. ஆர்.எக்ஸ். 350எச்-ல் எல்லாம் சேர்ந்து சுமார் 250 குதிரைத்திறன். ஊட்டியில் இன்ஜின் பங்கு குறையும், மோட்டார் பங்கு குறையாது, மோட்டாருக்குக் காற்று வேண்டாமே. வளைவிலிருந்து கிளம்பும் அந்த முதல் நொடியை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. மலை மேலே குடியிருந்து குறுகிய தூரம் ஓட்டுகிறவர்களுக்கு நான் மனதாரச் சொல்லும் வண்டி வகை இதுதான். டி.பி.எஃப். தொல்லை இல்லை, டர்போ தயக்கம் இல்லை.

குறைகளும் உண்டு. நீண்ட ஏற்றத்தில் முழுக்க மிதித்தால் இன்ஜின் ஒரே சுதியில் கத்திக்கொண்டே இருக்கும், சிலருக்கு அது பிடிக்காது. இறங்கும்போது பேட்டரி சீக்கிரம் நிறைந்துவிடும். இறக்கத்தில் இருப்பது 13 யூனிட், அந்தச் சின்ன பேட்டரி கொள்வது ஒன்றிரண்டு. நிறைந்த பிறகு மோட்டார் பிடிக்காது, வண்டி இன்ஜினைச் சுழற்றி ஆற்றலைச் செலவழிக்கும். கால் எடுத்த நிலையிலும் இன்ஜின் உறுமுவது அதனால்தான். அது கோளாறில்லை, உங்கள் பிரேக்கைக் காக்கிறது.

மைலேஜ்?

மெதுவாக ஏறினால் டர்போ கொஞ்சம் அதிகம் தரும், விரட்டினால் அந்த லாபம் போய்விடும். காற்றழுத்தம் முழுக்க எழும்போது டர்போ பெட்ரோல் தாராளமாகக் குடிக்கும். ஹைப்ரிட்தான் இரண்டையும் மிஞ்சும். இந்த விலை வண்டியில் மைலேஜை முதல் கேள்வியாக வைக்காதீர்கள்.

மலையில் உயர் ஆக்டேன் பெட்ரோல் தேவையா?

என்.ஏ.வுக்கு உயரத்தில் தேவை குறையத்தான் செய்யும். உள்ளே போகும் காற்று குறைவு, அழுத்தம் குறைவு, பெட்ரோல் நேரம் தவறி வெடித்து இன்ஜின் தட்டும் நாக்கிங்கும் குறைவு. டர்போ அப்படியில்லை. அது ஊட்டியிலும் சமவெளி அழுத்தத்தைக் கொண்டுவருகிறது, தாழ்ந்த ஆர்.பி.எம்.மில் ஏற்றத்தில் முக்கும்போது நாக்கிங் வரும் வாய்ப்பு இன்னும் கூடும். டேங்க் மூடியின் உள்பக்கம் ஆக்டேன் எண் ஒட்டியிருக்கும். 95 என்று இருந்தால் 95-ஐயே போடுங்கள். சீசனில் மேலே பங்க்குகளில் வரிசை நிற்கும், மேட்டுப்பாளையத்திலேயே நிரப்பிக்கொண்டு ஏறுவது நல்லது.

ஊட்டிக் குளிரில் டர்போவை எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஜனவரியில் தலைகுந்தா புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலை ஆறு மணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயில் குளிரில் கெட்டியாக இருக்கும். டர்போ அச்சு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது, லட்சம் சுற்று சுற்றுவதும் அதன் மேல்தான். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் விட்டு, முதல் நான்கைந்து கிலோமீட்டர் மென்மையாக ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் உறுமவிடுவதால் பயனில்லை.

ஏறி வந்து நிறுத்தும்போதும் கவனம் வேண்டும். பர்லியாறிலிருந்து விரட்டி வந்தால் டர்போவின் புகைப் பக்கம் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். உடனே அணைத்தால் அங்கே தங்கிய ஆயில் கருகிப் படியும். இன்றைய வண்டிகளில் அணைத்த பிறகும் குளிர்நீரைச் சுற்றவிடும் பம்பு உண்டு. ஆனாலும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பதை நான் இன்றும் விடவில்லை. அந்த நேரத்தில் பின் சீட்டிலிருந்து பைகளை இறக்கிவிடலாம்.

கம்பெனி சொன்ன கிரேடு ஃபுல்லி சிந்தெட்டிக் ஆயிலைத் தவிர வேறெதுவும் ஊற்றாதீர்கள். குறுகிய தூரம் மட்டும் ஓட்டுகிறவர்கள் மாற்றும் இடைவெளியையும் குறைத்துக்கொள்ளுங்கள், வருடம் ஒருமுறை கட்டாயம். குளிர்ந்த இன்ஜினில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும்.

சீசன் நெரிசலில் டர்போ வண்டி மந்தமாகத் தெரிகிறதே?

மே மாதம், கீழே கடும் வெயில், கல்லாறில் தொடங்கி ஊர்ந்து ஏறும் வரிசை. இன்டர்கூலருக்குக் காற்று படவில்லை, சூடேறிவிடுகிறது. உள்ளே சூடான காற்று போவதால் கம்ப்யூட்டர் பலத்தைக் குறைக்கும். காட்டேரி தாண்டிக் குளிர்காற்று பட்டதும் சரியாகிவிடும்.

பழைய வண்டி வாங்கினால்?

பத்து வருடப் பழைய சொகுசு எஸ்யூவி என்றால், மனம் விட்டுச் சொல்கிறேன், என்.ஏ. எடுங்கள். குழாய் குறைவு, சென்சார் குறைவு, சூடு குறைவு. பெரிய பிராண்டு சர்வீஸெல்லாம் கோவையில், ஊட்டியிலிருந்து 85 கிலோமீட்டருக்கு மேல். வண்டி நின்றால் ஏற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டும். பழைய டர்போதான் பிடித்திருக்கிறது என்றால் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு, பிறகு அமுக்கிப் பாருங்கள். நீலப் புகை வந்தால் டர்போ சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. இன்டர்கூலர் குழாய் மூட்டுகளில் ஆயில் ஈரம் வழிகிறதா பாருங்கள். சர்வீஸ் புத்தகத்தில் ஆயில் மாற்றிய தேதிகளில் இடைவெளி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

சூப்பர்சார்ஜர்?

டர்போவைப் போல அதுவும் காற்றை அமுக்கித் தள்ளும். புகையால் அல்லாமல் இன்ஜின் பெல்ட்டிலிருந்தே சுழலும், அதனால் தயக்கம் இல்லை. ஆனால் அதன் வேகம் இன்ஜின் வேகத்தோடு கட்டுப்பட்டது. உயரத்தில் டர்போவைப் போல இன்னும் வேகமாகச் சுழன்று ஈடுகட்ட முடியாது. லேண்ட் ரோவரின் 5.0 லிட்டர் வி8-ஐப் போல அடிப்படைப் பலம் ஏராளமாக இருந்தால் குறைவது உறைக்காது.

எலக்ட்ரிக் எஸ்யூவி எடுத்துவிடலாமா?

ஏறுவதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. உயரம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல, வளைவில் தயக்கமும் இல்லை. பேட்டரி பெரியது என்பதால் இறங்கும்போது ஆற்றலில் நல்ல பங்கைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை, மேலே தங்கியிருக்கும்போது 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு உடனே இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் ஏற்ற இடமில்லாமல் மோட்டார் பிடிக்காது, எல்லாம் பிரேக் தலையில் விழும். 80 சதவீதத்தில் கிளம்புங்கள்.

நான் கோவையில், அப்பா அம்மா கோத்தகிரியில். வாரம் ஒருமுறை ஏறி இறங்குவேன். எது எடுக்க?

ஆறு சிலிண்டர் டர்போ, பெட்ரோலோ டீசலோ. உங்கள் ஓட்டத்தில் டி.பி.எஃப். தானாகச் சுத்தமாகிவிடும், எனவே டீசல் தாராளமாக எடுக்கலாம். அப்பா அம்மாவுக்காக மேலேயே நிற்கப்போகிற வண்டி என்றால் அந்த என்.ஏ. ஹைப்ரிட்டைப் பாருங்கள். அப்பா தானே ஓட்டுகிறார் என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம், அதன் சீரான இழுவை வயதானவர் காலுக்கு ஏற்றது.

டெஸ்ட் டிரைவில் எதைப் பார்க்க வேண்டும்?

ஷோரூம்காரர் அவிநாசி சாலையில் ஒரு சுற்று கூட்டிப்போய் ஆக்சிலேட்டரை அமுக்கச் சொல்வார். அதில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். மலைக்கு வாங்குகிறேன், மலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இவ்வளவு பணம் கொடுப்பவர் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். குடும்பத்தோடு போங்கள், நான்கு பேர் எடையோடு. கல்லாறு தாண்டி முதல் மூன்று கொண்டை ஊசி வளைவு போதும். ஒன்றில் சாதாரணமாக ஏறுங்கள். அடுத்ததில், பின்னால் வண்டி இல்லாதபோது, ஊர்ந்து போய் மறுபடி அமுக்கி, எத்தனை நொடியில் எழுகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். மூன்றாவதைத் தாண்டி, இடமிருக்கும் ஓரத்தில் நிறுத்தித் திருப்பி, இரண்டாம் கியரில் வைத்துப் பிரேக் தொடாமல் இறங்கிப் பாருங்கள். வண்டி அடங்கி இறங்கினால் மற்ற விவரங்களைப் பேசத் தொடங்கலாம்.